புது ப்ரீகான் டெக் ஓடவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

மேஜிக் த கேதரிங் என்ற கார்டு ஆட்டத்துக்குப் புது டெக் (கார்டுக் கட்டு) வாங்கி, இரண்டு ஆட்டம் தோற்றதுமே "இந்த டெக் தேறாது" என்று முடிவு கட்டி, அன்று ராத்திரியே இருபது கார்டுக்கு ஆர்டர் போடுகிறவர்களை நெல்லைப் பக்கம் நிறையவே பார்க்கிறேன். அந்தக் கார்டுகள் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ கூரியரில் வர வேண்டும், இல்லையென்றால் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் அண்ணனோ மச்சானோ லீவுக்கு வரும்போது கொண்டுவர வேண்டும். எல்லாம் வந்து சேர்ந்து ஸ்லீவ் (கார்டு உறை) போட்டு உட்கார்ந்தால் டெக் பழைய இடத்திலேயே மாட்டுகிறது. மாற்றிய கார்டுகளுக்கும் தோற்ற காரணத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் பிரச்சினை. அதனால் டெக் எப்படித் தோற்றது என்பதை முதலில் பார்க்க வேண்டும், கார்டு வாங்குவது கடைசி வேலை. கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன், உங்கள் டெக்குக்குப் பொருந்துகிற இடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

பேச்சு மேஜிக் த கேதரிங்கின் கமாண்டர் ஆட்டத்தைப் பற்றியது. தலைமைக் கார்டான கமாண்டரையும் சேர்த்து 100 கார்டு, பேசிக் லேண்ட் தவிர எதுவும் ஒன்றுக்கு மேல் கூடாது, ஆளுக்கு 40 லைஃப், பெரும்பாலும் நான்கு பேர். லேண்ட் என்பது மனா தரும் கார்டு, மனா என்பது மற்ற கார்டுகளை மேசையில் இறக்கக் கொடுக்கும் விலை. இதற்கென்றே தயார் நிலையில் ஐந்து டெக்குகளை விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் 2011-ல் முதன்முதலாக வெளியிட்டது, அதிலிருந்து இன்றுவரை வந்துகொண்டே இருக்கின்றன. அந்த வகைப் பெட்டியைத்தான் ப்ரீகான் என்கிறோம்.

மேசைக்குப் போகும் முன்

நன்றாகக் கலையுங்கள். பெட்டியில் கார்டுகள் அடுக்கி வைத்த வரிசையில்தான் வருகின்றன, லேண்டெல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். மேலோட்டமாக நாலு தடவை கலைத்துவிட்டு ஆடினால் லேண்ட் கொத்துக் கொத்தாக வரும், இல்லையென்றால் வரவே வராது, பழி டெக் மேல் விழும். சாதாரண 52 சீட்டுக் கட்டையே ஒழுங்காகக் கலைக்க ஏழு ரிஃபிள் (இரண்டு பாதியாகப் பிரித்து ஒன்றோடொன்று கலப்பது) தேவை என்று 1992-ல் கணித ஆய்வாளர்கள் காட்டினார்கள், இங்கே கட்டு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஸ்லீவ் போட்ட கார்டை இரண்டு பாதியாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று செருகுவதைப் பத்துத் தடவையாவது செய்யுங்கள். மேசையில் ஏழு குவியலாகப் போட்டு எடுப்பது கார்டு எண்ணுவதற்கு உதவும், கலைப்பதில் சேராது.

அப்புறம் தனியாக உட்கார்ந்து ஏழெட்டு டர்ன் ஆடிப் பாருங்கள். எதிரே யாரும் வேண்டாம். ஒரு துண்டுத்தாளில் மூன்றே விஷயம் குறித்தால் போதும்: நாலாவது டர்னில் எத்தனை லேண்ட் இருந்தது, கமாண்டர் எந்த டர்னில் இறங்கினார், ஆறாவது டர்ன் முடிவில் கையில் எத்தனை கார்டு மிச்சம். ஐந்தாறு தடவை இப்படிச் செய்தால் கீழே உள்ள பாதி அறிகுறிகள் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். சோல் ரிங் முதல் கையிலேயே வந்த ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு மனாவுக்கு இறங்கி டர்னுக்கு இரண்டு மனா தருகிற கார்டு அது, ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் இருக்கும், அது வந்தால் எந்த டெக்கும் பிரமாதமாகத்தான் தெரியும். ஆனால் 99 கார்டில் ஒரு கார்டு முதல் ஏழுக்குள் வர 7 சதவீத வாய்ப்புதான். மீதி 93 சதவீத ஆட்டம் எப்படி ஓடுகிறது என்பதுதான் அந்த டெக்கின் தரம்.

இரண்டு லேண்டிலேயே நின்றுவிடுகிறது

"என்னல, இன்னும் ரெண்டு லேண்ட்லயே இருக்க?" என்று எதிரே இருப்பவன் கேட்கிற நிலை. பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஆடுகிறீர்களா, இல்லை ஏற்கெனவே கைவைத்துவிட்டீர்களா என்பதுதான் இங்கே முதல் கேள்வி. புதுக் கார்டுக்கு இடம் தேடும்போது எல்லோரும் முதலில் வெட்டுவது லேண்டைத்தான். 37 லேண்ட் இருந்த இடத்தில் 33 ஆகிவிடும், நாலுதானே குறைந்தது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 99-ல் 37 லேண்ட் இருந்தால் முதல் ஏழு கார்டில் ஒரே ஒரு லேண்டோ பூஜ்யமோ வருவதற்கு 19 சதவீத வாய்ப்பு, அதாவது ஐந்தில் ஒரு தடவைக்கும் கொஞ்சம் குறைவு. 33 என்றால் அது 25 சதவீதத்தைத் தாண்டுகிறது, நாலு ஆட்டத்தில் ஒரு ஆட்டம் ஆரம்பத்திலேயே ஊனம். நாலாவது டர்னுக்குள் 11 கார்டு பார்த்திருப்பீர்கள், அதில் சராசரியாக 37-க்கு 4.1 லேண்ட், 33-க்கு 3.7. டர்னுக்கு ஒரு லேண்ட் போட முடிகிறவனுக்கும் முடியாதவனுக்கும் உள்ள வித்தியாசம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

வெட்டிய லேண்டைத் திரும்பப் போடுங்கள், காசு செலவே இல்லை. வெட்டாமலே மாட்டுகிறது என்றால் கையை வைத்துக்கொள்ளும் பழக்கத்தைப் பாருங்கள். பலர் ஆடும் ஆட்டத்தில் முதல் மல்லிகனுக்கு (பிடிக்காத கையைத் திருப்பிவிட்டு மறுபடி எடுப்பதற்கு) அபராதம் கிடையாது, மறுபடி முழுசாக ஏழு கார்டு எடுக்கலாம். இரண்டு லேண்டும் ஐந்து அழகான கிரீச்சரும் (சண்டை போடும் ஆள் கார்டு) இருக்கும் கையை ஆசைப்பட்டு வைத்துக்கொள்ள எந்தத் தேவையும் இல்லை.

இதோடு சேர்த்து ரேம்பை எண்ணுங்கள். ஆர்கேன் சிக்னெட், ரேம்பன்ட் குரோத், கல்டிவேட் மாதிரி மனாவை முன்கூட்டியே கூட்டித்தரும் கார்டுகள். பத்து இருந்தால் முதல் ஏழு கார்டில் ஒன்றாவது வர 54 சதவீதம், மூன்றாவது டர்னுக்குள் 67 சதவீதம். பத்துக்குக் கீழே போகாதீர்கள். எண்ணும்போது இரண்டு மனாவுக்கு இறங்குவதையும் நாலு மனாவுக்கு இறங்குவதையும் தனித்தனியாக எண்ணுங்கள். நாலு மனா கொடுத்து ரேம்ப் செய்கிற டர்னில் எதிரே இருப்பவர் தன் கமாண்டரை இறக்கிக்கொண்டிருப்பார்.

லேண்ட் வருகிறது, ஆனாலும் எப்போதும் ஒரு டர்ன் பின்னால்

இது ப்ரீகானுக்கே உரிய வியாதி, மூன்று கலர் நாலு கலர் மனா கேட்கும் பெட்டிகளில் அதிகம். லேண்டையெல்லாம் தனியாகப் பிரித்து வைத்து, எத்தனை லேண்ட் டேப் ஆகியே (அந்த டர்னில் மனா தராத நிலையில்) இறங்குகிறது என்று எண்ணுங்கள். டேப் ஆன லேண்ட் போட்ட டர்னில் உங்களுக்கு ஒரு மனா நஷ்டம். ஆரம்பத்தில் அது இரண்டாவது டர்ன் சிக்னெட்டைத் தள்ளிப்போடும், மூன்றாவது டர்ன் கார்டைத் தள்ளிப்போடும், நாலாவது டர்ன் கமாண்டர் ஐந்தாவது டர்னுக்குப் போய்விடும். இரண்டு கலர் டெக்கில் ஏழெட்டுக்கு மேல் டேப் லேண்ட் இருந்தால் பாதியை எடுத்துவிட்டு பேசிக் லேண்டே போடலாம், வித்தியாசம் உடனே தெரியும். மூன்று கலரில் அப்படி எடுத்தால் கலர் மாட்டும், அதனால் அங்கே மட்டும் டேப் ஆகாத இரட்டை லேண்ட் (இரண்டு கலர் மனா தருவது) நாலைந்து வாங்குவது நியாயமான செலவு. இந்த முழு வழிமுறையிலும் நான் முதலில் காசு போடச் சொல்வது அதற்குத்தான். இந்த டெக்கைக் கலைத்தாலும் அந்த லேண்டுகள் அடுத்த டெக்குக்கு உதவும்.

ஒரு எச்சரிக்கை. பேசிக் லேண்டை ஒரேயடியாகக் குறைத்துவிடாதீர்கள். கல்டிவேட் தேடி எடுப்பது பேசிக் லேண்டைத்தான், டெக்கில் அது இல்லையென்றால் கல்டிவேட்டும் வெறும் காகிதம்.

ஐந்தாவது டர்னில் கை காலி

நன்றாக ஆரம்பிக்கும், டர்னுக்கு ஒன்று இறக்கிக்கொண்டே போவீர்கள், அப்புறம் கையில் ஒன்றும் இருக்காது. மேலே இருந்து எடுக்கிற ஒரு கார்டை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டும், எதிரே மூன்று பேர் ஆளுக்கு ஐந்து கார்டோடு யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

கார்டு டிராவை (கூடுதல் கார்டு எடுக்க வைக்கும் கார்டுகளை) எண்ணச் சொன்னால் "பன்னிரண்டு இருக்கு" என்பார்கள். ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தால் அதில் ஏழு கார்டு ஏதாவது நிபந்தனையோடு இருக்கும்: உங்கள் கிரீச்சர் எதிராளியை அடித்தால் ஒரு கார்டு, இன்ன வகை கிரீச்சர் இறங்கினால் ஒரு கார்டு, கமாண்டர் மேசையில் இருந்தால் ஒரு கார்டு. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது இவை அள்ளிக் கொடுக்கும், தோற்றுக்கொண்டிருக்கும்போது ஒன்றும் தராது. நமக்குக் கார்டு தேவைப்படுவதோ தோற்றுக்கொண்டிருக்கும்போதுதான். ஆகவே இரண்டு குவியலாகப் பிரியுங்கள். காலி மேசையிலும் வேலை செய்யும் டிரா ஐந்தாவது இருக்க வேண்டும் என்பது என் அளவுகோல். கறுப்பில் நைட்ஸ் விஸ்பர், பச்சையில் ஹார்மனைஸ் மாதிரி சாதாரணமான, விலை குறைந்த கார்டுகளே போதும்.

கமாண்டர் இரண்டு தடவை செத்தால் ஆட்டமே முடிந்தது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ப்ரீகானை மதிப்பிடுவதில் எனக்கு இதுதான் முக்கியமான சோதனை.

கமாண்டர் செத்தால் கமாண்ட் சோனுக்கு (கமாண்டருக்கென்று தனியாக ஒதுக்கிய இடம்) திரும்பலாம், ஆனால் அங்கிருந்து ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் இரண்டு மனா கூடிக்கொண்டே போகும். நாலு மனா கமாண்டர் இரண்டாவது தடவை ஆறு, மூன்றாவது தடவை எட்டு. ஆறு மனா கமாண்டர் மூன்றாவது தடவைக்குப் பத்து கேட்பார், பல ஆட்டங்களில் அந்த மூன்றாவது தடவை வரவே வராது. மேசையில் மூன்று எதிராளிகள், ஆளுக்கு எட்டுப் பத்து ரிமூவல் (எதிராளியின் கார்டைத் தூக்கும் கார்டு). கமாண்டர் சாவார் என்று வைத்துக்கொண்டே டெக்கைப் பார்க்க வேண்டும்.

சோதனை இது. லேண்ட் தவிர்த்த அறுபத்துச் சொச்சம் கார்டையும் தரையில் பரப்புங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள், மே மாதமாக இருந்தாலும் சரி, ஸ்லீவ் போடாத கார்டு பறக்கும். ஒவ்வொரு கார்டையும் கையில் எடுத்து, கமாண்டர் இல்லாத நேரத்தில் இதைப் பார்த்தால் சந்தோஷப்படுவேனா என்று கேட்டு, ஆம் இல்லை என்று இரண்டு பக்கமாக வையுங்கள். "இல்லை" பக்கம் இருபதுக்குள் இருந்தால் டெக் திடமானது. முப்பதைத் தாண்டினால் அந்த டெக் கமாண்டரின் உயிரை நம்பி மட்டும் இருக்கிறது.

முப்பதைத் தாண்டினால் இரண்டு வழி. ஒன்று, கமாண்டரைக் காப்பாற்றுவது. ஸ்விஃப்ட்ஃபுட் பூட்ஸ், லைட்னிங் கிரீவ்ஸ் இரண்டுமே இரண்டு மனா. பூட்ஸ் மாட்ட ஒரு மனா ஆகும், எதிராளி குறிவைக்க முடியாது, நீங்கள் குறிவைக்கலாம். கிரீவ்ஸ் மாட்ட மனாவே வேண்டாம், ஆனால் நீங்களும் உங்கள் கமாண்டரைக் குறிவைக்க முடியாது. கமாண்டர் மேல் எக்விப்மென்டோ (ஆயுதம், கவசம்) ஆராவோ (ஒட்டிக்கொள்ளும் மந்திரம்) ஏற்றும் டெக் என்றால் பூட்ஸ்தான் சரி. ஆனால் இரண்டுமே போர்டு வைப்பிலிருந்து (மேசையில் உள்ளதை மொத்தமாக அழிக்கும் கார்டு) காப்பாற்றாது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வழி, அந்த "இல்லை" பக்கத்திலிருந்து எட்டுப் பத்தைக் குறைத்துத் தனியாகவே நிற்கும் கார்டுகளைச் சேர்ப்பது. எனக்கு இரண்டாவது வழியில்தான் நம்பிக்கை அதிகம்.

சில கமாண்டர்களுக்கு இந்தத் தொல்லையே குறைவு. 2017-ல் வந்த நாலு பெட்டிகளில் எமினென்ஸ் என்று ஒரு சக்தி இருந்தது. எட்கர் மார்க்கோவ் கமாண்ட் சோனிலேயே உட்கார்ந்திருந்தாலும், நீங்கள் வேறொரு வேம்பயரை இறக்கும்போதெல்லாம் ஒரு வேம்பயர் டோக்கன் (கார்டு செலவழிக்காமல் கிடைக்கும் கிரீச்சர்) சும்மாவே வரும். ஆறு மனா கொடுத்து அவரை இறக்காமலே டெக் ஓடும். அந்த மாதிரி டெக்கில் மேலே சொன்ன சோதனையைச் செய்தால் "இல்லை" பக்கம் மிகவும் மெலிந்திருக்கும்.

ஒவ்வொரு கார்டும் நல்ல கார்டு, சேர்ந்தால் ஒன்றும் நடக்கவில்லை

இரண்டு மாடும் இரண்டு பக்கம் இழுத்தால் வண்டி நகராது. ப்ரீகான்களில் பெட்டி முகப்பில் இருக்கும் கமாண்டருக்கு ஒரு தீம், உள்ளே இருக்கும் இரண்டாவது மூன்றாவது கமாண்டருக்கு ஒட்டியும் ஒட்டாமலும் இன்னொரு தீம் என்று கலந்துதான் வைப்பார்கள். வாங்குகிறவர் எந்தப் பக்கமும் போகட்டும் என்பது அவர்கள் எண்ணம், அதில் தப்பில்லை. ஆனால் பெட்டியில் இருந்தபடி ஆடும்போது அதன் பாரம் உங்கள் கையில் விழும்.

2017-ன் ஃபீலைன் ஃபெராசிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பில் ஆராபோ, பூனைகளுக்கான கமாண்டர், உங்கள் சண்டை ஆரம்பிக்கும்போது வேறொரு பூனைக்கு +3/+3 (அடிக்கும் பலம் மூன்று, தாங்கும் பலம் மூன்று கூடுதல்) தருவார், அதுவும் கமாண்ட் சோனில் இருந்தபடியே. உள்ளே நசான், எக்விப்மென்டுக்கான கமாண்டர். பூனைக்கு ஆயுதம் மாட்டினால் இரண்டும் சேரும்தான். ஆனால் கையில் மூன்று எக்விப்மென்ட், மேசையில் ஒரு பூனைகூட இல்லை என்ற நிலை வரும்போது என்ன செய்ய முடியும்? ஆராபோவுக்கு +3/+3 கொடுக்க ஆள் இல்லை, ஆயுதத்துக்கு மாட்ட ஆள் இல்லை. இந்த மாதிரி நேரத்தில் எது அடித்தளம், எது அதன் மேல் ஏறுவது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பூனை அடித்தளம், எக்விப்மென்ட் மேலே ஏறுவது. மேலே ஏறுகிற கார்டு அடித்தளத்தின் எண்ணிக்கையில் பாதிக்கு மேல் போனால் கையில் தேங்க ஆரம்பிக்கும்.

கமாண்டரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அவருக்குச் சம்பந்தமில்லாத தீம் கார்டுகளை வெளியே எடுங்கள். உள்ளே என்ன போடுவது என்று உடனே தெரியாவிட்டால் பழைய பெட்டிகளில் கிடக்கும் ரிமூவலும் டிராவும் போடுங்கள், அவை எந்த டெக்கிலும் பொருந்தும். சில சமயம் முகப்புக் கமாண்டரை விட உள்ளே இருப்பவர் நன்றாக ஓடுவார். ஒரு தடவை மாற்றி வைத்து ஆடிப் பார்க்க ஒரு பைசா செலவில்லை, ஆனாலும் யாரும் செய்வதில்லை.

மேசை நிறைய ஆள், யாரும் சாகவில்லை

மூன்று எதிராளி, ஆளுக்கு 40, மொத்தம் 120 லைஃப். 2/2, 3/3 கிரீச்சர்களாக இறக்கிக்கொண்டே போனால் அத்தனையையும் தீர்க்க ராத்திரியாகிவிடும், அதற்குள் யாராவது போர்டு வைப் போட்டுவிடுவார்கள். பாளையங்கோட்டையில் ஞாயிறு மத்தியானம் உட்காரும் மேசையில் அம்பாசமுத்திரத்திலிருந்தும் தென்காசியிலிருந்தும் ஆள் வருகிறார்கள், அவர்கள் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய் பஸ் பிடிக்க வேண்டும். மூன்று மணி நேரம் ஆடியும் முடியாமல் "சரி, டிரா" என்று எழுந்து போவதுபோல் எரிச்சல் வேறு கிடையாது. முடிக்கத் தெரியாத டெக் மற்ற மூன்று பேரின் நேரத்தையும் சேர்த்துத் தின்கிறது.

ஃபினிஷரை எண்ணுங்கள். ஒரே டர்னில் நிலைமையைப் புரட்டுகிற கார்டு எத்தனை இருக்கிறது? பச்சையில் ஓவர்ரன் இருந்தால் ஐந்து மனாவுக்கு எல்லா கிரீச்சருக்கும் +3/+3, டிராம்பிளும் (தடுப்பு ஆளைக் கொன்ற பின் மிச்ச அடி எதிராளிக்குப் போவது) சேர்த்து. பத்து டோக்கன் வைத்திருந்தால் அதுவே 30 கூடுதல் டேமேஜ். கறுப்பில் எக்சாங்குவினேட், X என்ற இடத்தில் எவ்வளவு மனா போட்டீர்களோ அவ்வளவு லைஃப் எல்லா எதிராளிக்கும் ஒரே நேரத்தில் போகும், அவர்கள் இழந்த மொத்தமும் உங்களுக்கு லைஃபாக வரும். பலர் ஆடும் மேசையில் "ஒவ்வொரு எதிராளிக்கும்" என்று எழுதியிருக்கும் கார்டுக்கு மூன்று மடங்கு மதிப்பு. அந்த மாதிரி மூன்றிலிருந்து ஐந்து இருந்தால் போதும், பத்து வைத்தால் ஆரம்பக் கை கனத்துவிடும். கமாண்டர் பெரிய ஆள் என்றால் அவர் ஒருவரே 21 காம்பாட் டேமேஜ் கொடுத்தால் எதிராளி அவுட், அதையும் ஒரு வழியாக எண்ணிக்கொள்ளுங்கள்.

எதிராளி ஒன்றை இறக்குகிறான், பார்த்துக்கொண்டே இருக்கிறேன்

ரிமூவல் குறைவு. எட்டு ரிமூவல் இருந்தால் ஆறாவது டர்னுக்குள் சராசரியாக உங்கள் கைக்கு வருவது ஒன்றுதான், அதற்கும் குறைந்தால் ஆட்டத்தை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். எண்ணிக்கையை விட முக்கியம், எதையெல்லாம் தூக்க முடிகிறது என்பது. பல ப்ரீகான்களில் கிரீச்சரைக் கொல்ல ஏழு கார்டு இருக்கும், என்சான்ட்மென்டைத் (மேசையிலேயே நிற்கும் மந்திரம்) தொட ஒன்றுகூட இருக்காது. சிவப்புக்கும் கறுப்புக்கும் அது பிறவிக் குறை. கறுப்புக்கு 2020-ல் ஃபீட் த ஸ்வார்ம் வந்தது, கிரீச்சரையோ என்சான்ட்மென்டையோ இரண்டே மனாவுக்கு எடுக்கும். சிவப்புக்குக் கேயாஸ் வார்ப். பச்சையில் பீஸ்ட் விதின், வெள்ளையில் ஜெனரஸ் கிஃப்ட், இரண்டும் மூன்று மனாவுக்கு எதை வேண்டுமானாலும் அழிக்கும், பதிலுக்கு எதிராளிக்கு ஒரு 3/3 போகும். அதற்காகத் தயங்க வேண்டாம்.

போர்டு வைப் இரண்டு மூன்று கட்டாயம். ஒரு ரிமூவலுக்கு ஒரு கார்டு என்று ஒருவரோடு அடித்துக்கொண்டால் மற்ற இருவர் எதுவும் செலவழிக்காமல் வளர்வார்கள்.

எல்லோரும் என்னையே அடிக்கிறார்கள்

"மாப்ள, அவன இப்ப விட்டா அடுத்த டர்ன் நாம மூணு பேரும் காலி" என்று பேச்சு ஆரம்பித்துவிட்டால் எந்த டெக்கும் தாங்காது. இதில் பாதி டெக், பாதி பேச்சு. டெக் பக்கம் பார்த்தால், இரண்டு மூன்று மனாவுக்குத் தடுப்பு ஆள் இறக்க முடியாத டெக்கின் மேல்தான் அடி அதிகம் விழும், காலியாக இருக்கிறவனை அடிப்பது எல்லோருக்கும் சுலபம். பெயர்பெற்ற கமாண்டர் என்றாலும் அப்படித்தான். அட்ராக்ஸாவை மேசையில் வைத்ததுமே, உள்ளே இருப்பது 2016 பெட்டியின் கார்டுகள்தான் என்றாலும், எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும். ஆட்டத்துக்கு முன்னாலேயே "அண்ணாச்சி, இது பெட்டில இருந்து எடுத்தபடியே இருக்கு, ஒரு கார்டும் மாத்தல" என்று சொல்லிவிடுங்கள், உண்மையாக இருந்தால் மட்டும்.

இன்னொரு காரணம், மேசையே பொருந்தாமல் இருப்பது. விசார்ட்ஸ் 2025-ல் டெக்குகளின் பலத்துக்கு ஐந்து பிராக்கெட் அறிவித்தபோது சராசரி ப்ரீகானை இரண்டாவதில் வைத்தார்கள். நாலாம் பிராக்கெட் டெக்குகளோடு உட்கார்ந்து ஐந்தாவது டர்னில் தோற்றுவிட்டு வந்து ப்ரீகானை எடைபோட முடியாது. அந்த ஆட்டத்தைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டு, இன்னும் மூன்று ப்ரீகானோடு ஒரு தடவை ஆடிப் பாருங்கள். அங்கே நாலில் ஒரு தடவை ஜெயித்தால் அது சரியான டெக், ஏனென்றால் நாலு பேர் ஆடும் ஆட்டத்தில் சராசரியே அவ்வளவுதான்.

பெட்டியில் விலை உயர்ந்த கார்டு இருக்கிறது, டெக் மட்டும் ஓடவில்லை

விலைக்கும் ஆட்டத்துக்கும் நேர் உறவு கிடையாது. 2013-ன் மைண்ட் சீஸ் பெட்டி, உள்ளே இருந்த ட்ரூ-நேம் நெமிசிஸ் என்ற ஒரு கார்டுக்காகவே கடைகளில் காலியானது. அந்தக் கார்டு ஒரு எதிராளியிடமிருந்து முழுப் பாதுகாப்புப் பெறும், இருவர் ஆடும் லெகசி என்ற ஆட்ட வகையில் அதை அசைப்பது பெரும்பாடு. நாலு பேர் மேசையில் மற்ற இருவருக்கு அது சாதாரண 3/1 கிரீச்சர். பெட்டியின் மொத்த விலையைக் கூட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

பழைய பெட்டி வாங்கினால் தடைப் பட்டியலையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 2019-ன் மிஸ்டிக் இன்டலெக்ட் பெட்டியில் வந்த டாக்சைட் எக்ஸ்டார்ஷனிஸ்ட் 2024 செப்டம்பரில் தடை செய்யப்பட்டது.

ஃபாயில் கார்டு வளைந்துவிட்டது

குற்றாலச் சாரல் காற்று வீசும் மாதங்களில் தென்காசிப் பக்கமும், வருஷம் முழுக்கத் திருச்செந்தூர் கடற்கரைப் பக்கமும் இது உண்டு. காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரியும், மேலே இருக்கும் பளபளப்பான ஃபாயில் படலம் விரியாது, அதனால் கார்டு முகப்புப் பக்கமாக வளையும். முகப்புக் கமாண்டர் கமாண்ட் சோனில் இருப்பதால் வளைந்தாலும் ஆட்டத்துக்குக் கேடில்லை. ஆனால் 99-க்குள் இருக்கும் ஃபாயில் வளைந்தால் கட்டைப் பார்த்தே அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம், எதிரே இருப்பவருக்கு அது நியாயமில்லை. இரட்டை ஸ்லீவ் போட்டு, டெக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, மேலே கனமாக ஏதாவது வைத்துச் சில நாள் விடுங்கள், பெரும்பாலும் நேராகிவிடும்.

காரணம் தெரிந்தபிறகு

ஒரே நேரத்தில் ஐந்து கார்டுக்கு மேல் மாற்றாதீர்கள். இருபதை ஒன்றாக மாற்றினால் எந்த மாற்றம் உதவியது என்று சொல்லவே முடியாது. வாங்குவதற்கு முன் கார்டின் பெயரையும் மனாவையும் அதன் வேலையையும் துண்டுத்தாளில் எழுதி, உபரி பேசிக் லேண்டின் முன்னால் வைத்து அதே ஸ்லீவுக்குள் செருகி, மேசையில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு இரண்டு மூன்று ஆட்டம் ஆடுங்கள். நம் பக்கம் யாரும் இதற்கு மறுப்புச் சொல்லி நான் பார்த்ததில்லை. கையில் வந்தபோதெல்லாம் உதவிய துண்டுத்தாளுக்கு மட்டும் கார்டு வாங்குங்கள்.

வெளியே எடுத்த கார்டுகளை மற்ற கார்டுகளோடு கலக்காமல் அந்தப் பெட்டியிலேயே ஒரு ரப்பர் பேண்ட் போடாத உறையில் வையுங்கள், எதற்குப் பதில் எது போனது என்று ஒரு சீட்டும் எழுதி உள்ளே போடுங்கள். புதிதாக ஒரு தம்பியோ தங்கையோ ஆடப் பழக வரும்போது பத்து நிமிஷத்தில் டெக்கைப் பெட்டியில் இருந்தபடியே திருப்பி அடுக்கிக் கையில் கொடுத்துவிடலாம்.